முன்பாட்டும் பின்பாட்டும்

ஃபோர் டாப்ஸ் குழுவைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். 1953-இல் டெட்ராய்ட் நகரில் சேர்ந்து பாட ஆரம்பித்த நான்கு இளைஞர்கள், 1997-இல் அவர்களில் ஒருவர் இறக்கும்வரை, 44 ஆண்டுகள் ஆள்மாற்றமே இல்லாமல் பாடினார்கள் என்பது அந்தக் கணக்கு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் இதற்கு இணையாக இன்னொரு குழுவைக் காட்டுவது கடினம். ஆனால் இந்தக் கணக்கு சொல்லப்படும் விதம் எனக்கு உவப்பானதாக இல்லை. மணிவிழாவில் வாழ்த்துமடல் வாசிப்பதைப் போல அதை ஓர் ஒழுக்கச் சான்றிதழாக வாசித்து முடித்துவிட்டு, பாடல்களைப் பற்றிப் பேச வரும்போது லீவை ஸ்டப்ஸ் என்கிற ஒற்றைக் குரலைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். நட்பு ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். என்னுடைய தரப்பு இதற்கு நேர் எதிரானது. அந்த நால்வரும் சேர்ந்திருந்தது பாடல்களுக்கு வெளியே கிடக்கும் வாழ்க்கைக் குறிப்பு அல்ல. பாடல்களுக்குள்ளேயே காதால் கேட்கக்கூடிய ஒன்று அது. அதை நீக்கிவிட்டால் ஸ்டப்ஸின் குரலுக்கே பொருள் மாறிவிடும்.

முதலில் நால்வர் யார் என்று சொல்லிவிடுகிறேன். லீவை ஸ்டப்ஸும் அப்துல் 'டூக்' ஃபகீரும் டெட்ராய்டின் பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். ரெனால்டோ 'ஓபி' பென்சனும் லாரன்ஸ் பேட்டனும் நார்தர்ன் பள்ளியைச் சேர்ந்தவர்கள். நண்பர்களின் விருந்து ஒன்றில் நால்வரும் சேர்ந்து பாட நேர்ந்தது. அங்கிருந்து தொடங்கியது குழு. முதலில் 'ஃபோர் எய்ம்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஏம்ஸ் பிரதர்ஸ் என்ற பிரபலமான குழுவோடு குழம்பக்கூடாது என்பதற்காக 1956-இல் அது ஃபோர் டாப்ஸ் ஆனது.

ஃபகீர் என்ற பெயரைப் பார்த்ததும் நம் வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். அவருடைய தந்தை இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து டெட்ராய்டுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கப்பல் வேலைக்குப் போய் அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கிக் கரைந்துபோன வங்காள முஸ்லிம்கள் ஹார்லெமிலும் டெட்ராய்டிலும் கறுப்பினப் பெண்களை மணந்து குடும்பமாகிப்போன வரலாற்றை விவேக் பால்ட் 'பெங்காலி ஹார்லெம்' என்ற நூலில் (2013) விரிவாக எழுதியிருக்கிறார். சோல் இசையின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றின் முதல் டெனர் குரலுக்குள் கீழை வங்கத்தின் ஒரு கிளை ஓடுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இது வேறு ஒரு கட்டுரைக்கான பொருள். இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மோட்டவுன் நிறுவனத்துக்கு 1963-இல் அவர்கள் வந்து சேர்ந்தபோது பத்தாண்டு அனுபவம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செஸ், கொலம்பியா, ரிவர்சைட் போன்ற நிறுவனங்களில் இசைத்தட்டுப் போட்டுப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. இரவு விடுதிகளில் பாடினார்கள். பில்லி எக்ஸ்டைன் போன்ற மூத்த ஜாஸ் பாடகர்களுடன் பயணம் போனார்கள். நான்கு குரல்களை எந்த இடைவெளியில் அடுக்கினால் எந்த நிறம் வரும் என்கிற கல்வி அந்த ஆண்டுகளில்தான் அவர்களுக்கு வாய்த்தது. குரல் அடுக்குகளை அமைக்கும் பொறுப்பு பேட்டனுடையது. மோட்டவுனில் அவர்கள் முதலில் பதிவுசெய்தது ஒரு ஜாஸ் தொகுப்பு. அந்நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டது. 'பிரேக்கிங் த்ரூ' என்ற பெயரில் 1999-இல்தான் வெளிவந்தது. அதைக் கேட்டால் ஒன்று விளங்கும். அங்கே ஸ்டப்ஸ் நால்வரில் ஒருவர். மற்ற மூவரின் குரலை அடக்கிக்கொண்டு மேலே நிற்பவர் அல்ல.

அவரை மேலே ஏற்றியவர்கள் ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் என்ற பாடலாக்கக் கூட்டணி. பிரையன் ஹாலண்டும் லமாண்ட் டோஸியரும் இசையையும் பதிவையும் பார்த்துக்கொள்ள, பிரையனின் அண்ணன் எடி ஹாலண்ட் வரிகளை எழுதிப் பாடகருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். ஸ்டப்ஸினுடையது பாரிடோன் குரல். கனமும் அகலமும் கொண்ட நடுத்தர ஆண்குரல். அந்தக் குரலுக்கு வசதியான சுருதியில் பாட்டை அமைப்பதுதான் உலக வழக்கம். இவர்கள் வேண்டுமென்றே சுருதியை ஏற்றி வைத்தார்கள். டெனர் பாடகருக்கு உரிய உயரத்தில் ஒரு பாரிடோன் நின்று பாட வேண்டும். எட்டாத கிளையை எட்டிப் பிடிக்கும்போது கையில் நரம்பு புடைக்குமே, அதுபோலக் குரல் புடைத்து வரும். ஸ்டப்ஸின் பாட்டில் நாம் கேட்கும் தவிப்பு நடிப்பினால் மட்டும் வந்தது அல்ல. அதில் பாதி உடல் உழைப்பு.

ஆனால் அந்தத் தவிப்பு தனியாக நிற்பதில்லை. 1964-இல் வந்த 'பேபி ஐ நீட் யுவர் லவிங்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் தன் தேவையைச் சொல்கிறான். அவன் சொல்லி முடிக்கும் முன்பே பின்னாலிருந்து குரல்கள் எழுந்து அந்தத் தேவையை வாங்கிக்கொள்கின்றன. கறுப்பினத் தேவாலயங்களின் அடிப்படை வடிவம் இது. போதகர் ஒரு வரியை எறிவார், சபை அதைத் திருப்பி எறியும். சபை மறுமொழி சொல்லவில்லை என்றால் போதகரின் கூக்குரல் வெறும் புலம்பல். மறுமொழி வந்தால் அது பிரார்த்தனை. ஸ்டப்ஸின் குரல் புலம்பலாகிவிடாமல் காத்தது அவருக்குப் பின்னால் நின்ற சபைதான் என்கிறேன்.

நம் மொழியில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. ஜால்ரா, ஒத்து, பின்பாட்டு ஆகிய மூன்றுமே இசையரங்கின் சொற்கள். மூன்றையுமே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் ஒத்து ஊதுகிறார் என்றால் அவருக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று பொருள். நாதஸ்வரக்காரர் ஒத்து இல்லாமல் ஒரு நிமிடம் வாசித்துப் பார்த்தால் தெரியும். ஆதார சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவனைப் பற்றி ஒரு மரியாதையான சொல்கூட நம்மிடம் மிஞ்சவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த வடிவத்தின் உச்சம் 1966-இல் வந்த 'ரீச் அவுட் ஐ'ல் பி தேர்'. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாடுகளின் பட்டியல்களிலும் முதலிடத்துக்குப் போன பாடல். குழலிசையும் குதிரைக் குளம்பொலி போன்ற தாளமுமாக அது தொடங்குகிறது; ஒரு சாதாரண காதல் பாட்டுக்குப் பொருந்தாத, ஏதோ பாலைவனத்தைக் கடக்கும் படையைப் போன்ற ஒரு முகப்பு. பாப் டிலன் அந்நாட்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே கத்திக்கொண்டிருந்தது பாடலாசிரியர்களின் காதில் விழுந்திருந்தது. அந்தத் தொனியை ஸ்டப்ஸிடம் கேட்டார்கள். அவரும் பாதிக்கு மேல் பாடவில்லை, இடிந்துபோன ஒருத்தியை நோக்கிக் கூவுகிறார். நால்வருக்கும் இது ஒரு சோதனை முயற்சியாகவே பட்டதாம். இதைத் தனிப்பாடலாக வெளியிட வேண்டாம் என்று மோட்டவுன் முதலாளி பெரி கோர்டியிடம் போய்க் கேட்டுக்கொண்டதை ஃபகீர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நல்லவேளையாகக் கோர்டி கேட்கவில்லை.

இந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விந்தையாக இருக்கும். கெஞ்சுகிற குரல் இங்கே கெஞ்சவில்லை; நான் இருக்கிறேன் என்று இன்னொருவருக்கு உறுதி சொல்கிறது. ஆனால் தொனி என்னவோ உதவி கேட்பவனுடையது. கை நீட்டுபவனும் கை கொடுப்பவனும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். இந்த முரணைத் தாங்கிப் பிடிப்பது கோரஸ். பல்லவி வரும்போது அது மொத்தமாக எழுந்து நிற்கிறது. ஒரு தனிமனிதன் கொடுத்திருந்தால் நம்ப முடியாத வாக்குறுதியை நம்பச் செய்வது அந்தக் கூட்டுக் குரல்தான். அடுத்த ஆண்டு வந்த 'பெர்னடெட்' பாடலில் இது தலைகீழாகிறது. முடியப்போகும் தருணத்தில் இசை முழுவதும் அறுந்து, கணநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அந்த வெற்றிடத்துக்குள் ஸ்டப்ஸ் அவள் பெயரைத் தன்னந்தனியாகக் கூப்பிடுகிறார். சபை விலகி நின்ற ஒரே ஒரு நொடி அது. அந்த நொடியின் திகில், மற்ற நேரமெல்லாம் சபை உடனிருந்ததால் வருவது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அடியில் இன்னொரு மனிதன் ஓயாமல் வாதாடிக்கொண்டிருப்பது போல இருக்கும். இதைப் பாட்டாகவே கேட்காமல் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்பது வீண்போகாது.

அதே காலத்தில் அதே கட்டடத்தில் மற்ற குழுக்களுக்கு என்ன நேர்ந்தது? மிராக்கிள்ஸ் குழு 'ஸ்மோக்கி ராபின்சனும் மிராக்கிள்ஸும்' ஆனது. சுப்ரீம்ஸ் 1967-இல் 'டயானா ராஸும் சுப்ரீம்ஸும்' ஆனது. அதே ஆண்டு ஃபுளோரன்ஸ் பல்லார்ட் வெளியேற்றப்பட்டார், 1976-இல் 32 வயதில் இறந்துபோனார். டெம்ப்டேஷன்ஸ் குழுவில் தன் பெயரும் முன்னால் வர வேண்டும் என்று விரும்பிய டேவிட் ரஃபின் 1968-இல் நீக்கப்பட்டார். ஸ்டப்ஸுக்கும் இந்த வாய்ப்பு வந்தது. பெயரை முன்னால் போட்டுக்கொள்ளவும், தனியாகப் பாடவும் பலமுறை அழைத்தார்கள். அவர் மறுத்தார். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் குரல் எதனால் ஆனது என்று தெரிந்த ஒரு கலைஞனின் துல்லியமான கணிப்பு அது. தனித்து நிற்கும் ஸ்டப்ஸ் என்பது சபையில்லாத போதகர். அவருக்கு அது தெரிந்திருந்தது.

அவர் தனியாகச் செய்தவற்றில் மிகவும் பேசப்பட்டது எது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1986-இல் ஃபிராங்க் ஆஸ் இயக்கிய 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' திரைப்படத்தில் ரத்தம் குடிக்கும் செடிக்குக் குரல் கொடுத்தார். அட்டகாசமான வேடிக்கை அது. முகம் மட்டும் கிடையாது.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ஃபோர் டாப்ஸ் என்பது அடிப்படையில் ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் தொழிற்சாலையின் சரக்கு, சூத்திரதாரிகள் போனதும் பொம்மைகள் சரிந்தன என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' 1965-இல் முதலிடத்துக்குப் போனதும், பழைய நிறுவனமான கொலம்பியா இவர்களது பழைய தட்டை மறுபடி சந்தைக்கு விடப் பார்த்தது. அதை முந்துவதற்காக ஏறத்தாழ ஒரே நாளில் எழுதிப் பதிவு செய்யப்பட்ட பாட்டு 'இட்ஸ் த சேம் ஓல்ட் சாங்'. பழைய மெட்டின் எலும்புக்கூட்டின் மேலேயே கட்டப்பட்டது. தலைப்பிலேயே அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடும் குறும்பும் இருக்கிறது. 1967-இன் இறுதியில் அந்தக் கூட்டணி மோட்டவுனோடு பிணங்கிக்கொண்டு வெளியேறியபின், அதே உயரத்தை இவர்கள் மீண்டும் தொடவில்லை என்பதும் சரி.

ஆனால் சரிந்துபோகவில்லை. 1970-இல் வந்த 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' தொகுப்பை இந்த வாதக்காரர்கள் கேட்டிருக்கிறார்களா என்பது என் சந்தேகம். ஃபிராங்க் வில்சன் தயாரித்தது. அதில் ஸ்டப்ஸ் கூவவில்லை. சுருதி இறங்கியிருக்கிறது, மூச்சு நிதானமாக இருக்கிறது. முன்பாட்டுக்கும் பின்பாட்டுக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்து நான்கு குரல்களும் ஒரே தண்ணீரில் மிதக்கின்றன. பத்தாண்டுக் கால ஜாஸ் விடுதிப் பயிற்சி இங்கேதான் மீண்டும் வெளிப்படுகிறது. இதை அவர்களது மிகச் சிறந்த படைப்பு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

சேர்ந்திருப்பதற்கு ஒரு விலையும் இருந்தது. இதை வாழ்த்துமடல்காரர்கள் எழுதுவதில்லை. 1969 மே மாதம் பெர்க்லியில், மக்கள் பூங்கா என்று அழைக்கப்பட்ட இடத்தில் இளைஞர்கள்மீது காவல்துறை நடத்திய வன்முறையை ஓபி பென்சன் பயணத்தின்போது பார்த்தார். இங்கே என்னதான் நடக்கிறது என்ற கேள்வி அவருக்குள் ஒரு பாட்டாக விழுந்தது. ஆல் கிளீவ்லாந்தோடு சேர்ந்து அதை வளர்த்தார். தன் மூன்று நண்பர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். இது எதிர்ப்புப் பாட்டு, நமக்கு வேண்டாம் என்றார்கள். அன்பையும் புரிதலையும் பற்றிய பாட்டு என்பது பென்சனின் எண்ணம். நண்பர்களிடம் தோற்றுப்போய் அதை மார்வின் கேயிடம் எடுத்துச் சென்றார். கே அதை மெருகேற்றி, தானே பாடி, கோர்டியின் எதிர்ப்பையும் மீறி 1971 ஜனவரியில் வெளிவரச் செய்தார். அதுதான் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. அப்பெயரிலேயே வந்த தொகுப்பை 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2020-இல் எல்லாக் காலத்துக்குமான தொகுப்புகளில் முதலாவதாக வைத்தது.

நாற்பதாண்டு ஒற்றுமை என்பது சில நேரங்களில் நான்கு பேரும் சம்மதிக்கக்கூடியதை மட்டுமே செய்வது என்றாகிவிடும். 1967 ஜூலையில் அவர்களது சொந்த நகரத்தில் கலவரம் வெடித்து 43 பேர் இறந்தார்கள். அந்த நகரத்தின் நான்கு பிள்ளைகள், அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் காதல் முறிவையே பாடிக்கொண்டிருந்தார்கள். பென்சன் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து தன் இடத்தில் நின்று பின்பாட்டுப் பாடினார், சாகும்வரை. இது பெருந்தன்மையா, இழப்பா என்று என்னால் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஃபோர் டாப்ஸ் அந்தப் பாட்டைப் பாடியிருந்தால் அது மார்வின் கேயின் பட்டு போன்ற முணுமுணுப்பாக இருந்திருக்காது. ஸ்டப்ஸின் கூவல் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கும். அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்கவே இல்லை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஃபோர் டாப்ஸின் புகழ்பெற்ற பதிவுகளில் நாம் கேட்கும் சபையில் மூன்று ஆண்கள் மட்டும் இல்லை. ஆண்டான்டிஸ் என்ற பெயரில் மோட்டவுனில் வேலை பார்த்த ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவேன் டெம்ப்ஸ் ஆகிய மூன்று பெண்கள் அந்தக் கோரஸுக்கு மேலே மெல்லிய வெளிச்சம்போலப் படர்ந்திருக்கிறார்கள். இசைத்தட்டின் உறையில் அவர்கள் பெயர் இருக்காது. சுப்ரீம்ஸின் பெயரில் வந்த 'லவ் சைல்ட்' பாட்டிலும் பின்னால் பாடியவர்கள் இவர்கள்தான். 1990-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் ஃபோர் டாப்ஸ் ஏறியபோது ஏறியவை நான்கு பெயர்கள். பின்னால் நிற்பவர்களின் மதிப்பை அறிந்த ஒரு குழுவின் பின்னாலேயே இன்னும் மூவர் நின்றார்கள் என்பது இந்தக் கதையின் சங்கடமான பகுதி. நால்வரின் நட்பைப் போற்றும்போது இந்த மூவரையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன். காது அவர்களைப் பிரித்துக் கேட்பதில்லை. பெயர்ப்பட்டியல்தான் பிரித்தது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1972-இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தபோது இவர்கள் அதைப் பின்தொடரவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போய் 'ஏன்ட் நோ வுமன்' போன்ற இதமான வெற்றிகளைக் கண்டார்கள். 1983-இல் மோட்டவுனுக்கே திரும்பினார்கள். 1986-இல் இங்கிலாந்தின் பில்லி பிராக், 'லீவை ஸ்டப்ஸ்' டியர்ஸ்' என்று ஒரு பாட்டு எழுதினார். வாழ்க்கை கைவிட்ட ஒரு பெண்ணுக்குத் துணையாக இருப்பது ஒரு ஃபோர் டாப்ஸ் ஒலிநாடா. ஒரு பாடகருக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானதை நான் படித்ததில்லை. தனியாக இருப்பவளுக்கு அந்தக் குரல் ஏன் தேவைப்படுகிறது என்பதை அது அறிந்திருக்கிறது.

பேட்டன் 1997-இல் மறைந்தார். மற்ற மூவரும் சிறிது காலம் மூவராகவே மேடையேறினார்கள். 2000-இல் ஸ்டப்ஸ் நோயுற்று விலகினார். 2004-இல் டெட்ராய்ட் ஓப்பரா அரங்கில் குழுவின் ஐம்பதாவது ஆண்டுக் கச்சேரி நடந்தபோது சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்தார். பென்சன் 2005-இலும் ஸ்டப்ஸ் 2008-இலும் போனார்கள். எஞ்சியிருந்த ஃபகீர் 2022-இல் தன் நினைவுகளை நூலாக எழுதினார்; 2024 ஜூலையில் அவரும் மறைந்தார்.

அவர்களில் ஒருவரும் இல்லாத ஒரு குழு இன்று அதே பெயரில் பாடிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பல ரசிகர்களுக்கு எரிச்சல். பெயரை வைத்துப் பிழைக்கிறார்கள் என்கிறார்கள். ஸ்டப்ஸின் இடத்தில் நிற்பவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குழுவில் பேட்டனின் மகனும் இருக்கிறார். 2005-இல் சேர்ந்தார், தந்தையின் இடத்துக்கு அல்ல, பென்சனின் இடத்துக்கு. முன்வரிசைக்கு வராத ஒரு பகுதியை, அப்பாவின் நண்பர் பாடிய பகுதியை, இருபது ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எனக்குப் புகார் எதுவும் இல்லை.